மூடி வைத்த லேப்டாப்

உங்கள் கம்ப்யூட்டர் அடிக்கடி தூங்கிவிடுகிறது, மேடம். நான் ஒரு பதில் யோசித்துச் சொல்வதற்குள் திரை அணைந்துபோகிறது, நீங்களும் மவுஸைப் போட்டு ஆட்டுகிறீர்கள். பவர் செட்டிங்ஸில் ஸ்லீப் நேரத்தைக் கொஞ்சம் கூட்டிவிட்டால் போதும். என் ரிப்பேர் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் பிரச்சினை. மெஷினே போய்விட்டது என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருவார்கள்.

மேல் வீட்டுக்காரர் உங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் செய்ததில் எனக்கு வருத்தமில்லை. வெளியே பூட்டு, உள்ளே ஆள் என்றால் யாருக்கும் திக்கென்றுதான் இருக்கும். ஆனால் பூட்டச் சொன்னதே அக்காதான்.

அக்கா கணக்கு டீச்சர். அவள் வகுப்பில் பின்பெஞ்சுகூட வாயைத் திறக்காது. அம்மா போனபின் என்னை வளர்த்தவளும் அவள்தான். இருவருமே கல்யாணம் காட்சி என்று எதிலும் மாட்டிக்கொள்ளவில்லை. காலையில் அவள் காபி போடுவாள், நான் குறை சொல்வேன், அவள் திட்டுவாள். சுகமாகப் போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் வேறு ஊர்ப் பள்ளி ஒன்று அவளைத் தலைமை ஆசிரியையாகக் கூப்பிட்டது. மாதிரி வகுப்பு ஒன்று எடுத்துக் காட்டினால் வேலை உறுதி. "இனிமே உன் துணிய நீயே துவைச்சுக்கடா, ராஜா" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். இனி காலையில் யார் காபி போடுவார்கள் என்று மட்டும் யோசித்தேன்.

அவள் தினமும் வேலை முடிந்ததும் லேப்டாப்பை மூடிப் பையில் வைப்பாள். மூடினால் மெஷின் தூங்க வேண்டும். மூடினாலும் தூங்காதே என்று சொல்ல ஒரு செட்டிங் உண்டு. அவள் குளிக்கப் போனபோது அதை மாற்றினேன். மறுநாள் வகுப்பில் பையிலிருந்து எடுத்தால் லேப்டாப் தோசைக்கல் மாதிரி சுடுகிறது, பேட்டரி காலி.

"மூடித்தானேடா வெச்சேன்?" என்றாள்.

"சரியா மூடலையோ என்னவோக்கா."

சில நாள் மாற்றுவேன், சில நாள் விட்டுவிடுவேன். தினமும் செய்தால் மெஷின்மேல் சந்தேகம் வரும். செட்டிங்ஸைப் பார்க்கச் சொன்னாள். அதற்குள் பழையபடி வைத்திருந்தேன். பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினேன். "மெஷின்ல ஒண்ணுமில்லக்கா."

எங்கள் அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் எல்லாம் மறந்துபோயிற்று. அவருக்குச் சோறு ஊட்டியவள் அக்கா. சாப்பிடும்போது ஒரே ஒருமுறை, "அப்பாவுக்கும் இப்படித்தானேக்கா ஆரம்பிச்சுது" என்றேன். அவள் கை தட்டிலேயே நின்றுவிட்டது. பாவமாக இருந்தது, சாம்பார் ஊற்றினேன்.

மாதிரி வகுப்பன்றும் லேப்டாப் சூடாக, செத்துக் கிடந்தது. அது இல்லாமலே அவள் பிரமாதமாக நடத்தியிருக்கலாம். ஆனால் அந்தப் பள்ளிக்காரர்கள் முன்னால் நின்று எந்தப் பாடம் என்றே சொல்ல வரவில்லையாம். வீட்டுக்கு வந்து என் தோளில் சாய்ந்து அழுதாள். வேலை வேண்டாமென்று அவளே சொல்லிவிட்டாள்.

அதற்குப் பிறகு நான் எதையும் தொடவில்லை, மேடம். அவசியமே வரவில்லை. அடுப்பை அணைத்தோமா, குழாயை மூடினோமா என்று அவளே திரும்பத் திரும்பப் பார்க்க ஆரம்பித்தாள். பள்ளியை விட்டாள். டாக்டர் மூளையில் ஒரு கோளாறும் இல்லை என்றார். "டாக்டருங்க முகத்துக்கு நேரா எப்படிச் சொல்லுவாங்க" என்று நான்தான் ஆறுதல் சொன்னேன். கடைசியில், "நான் பாட்டுக்கு எங்கயாவது போயிடுவேன்டா, நீ கடைக்குப் போறப்ப வெளிய பூட்டிட்டுப் போ" என்று கெஞ்சினாள். நல்ல பூட்டாகப் பார்த்து வாங்கினேன்.

எல்லாம் நான் செய்ததுதான். தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள். இப்போது காபி நான்தான் போடுகிறேன், அவள் குறையே சொல்வதில்லை.

உங்கள் ஆட்கள் பூட்டை உடைத்துக் கதவை அகலத் திறந்தும் அக்கா வாசலைத் தாண்டவில்லையாமே. "தம்பி வரட்டும், அவன் சொன்னா வர்றேன்" என்றாளாமே. நீங்களே சொல்லுங்கள் மேடம், கெடுதல் செய்தவனை யாராவது இப்படித் தேடுவார்களா?