ஏழாவது பாட்டுல அந்த உச்சி

ஜெர்வின்: …அதான் சொல்றேன், ஏழாவது பாட்ட தூக்கிருவோம்.

ரெபெக்கா: தூக்கவா? அண்ணா! ஆல்பம் பேரே "கரை தெரியுது". ஏழாவது பாட்டுதான் "கரை தெரியுது". அத தூக்கிட்டு அட்டையில என்ன போடுவ… கரை தெரியலன்னா?

தனேஷ்: ஹாஹா… அதுவும் நல்லாத்தான் இருக்கு.

ஜெர்வின்: நீ ரோட்ட பாத்து ஓட்டு மச்சான்.

தனேஷ்: எந்த ரோடு? ஃபெடரல் ஹைவே இப்ப ரோடா? கார் பார்க் லா இது. பிரிக்பீல்ட்ஸ்ல கெளம்புனதுலேர்ந்து ரெண்டாவது கியரே போடல நானு.

ரெபெக்கா: பேச்ச மாத்தாதீங்க தனேஷ்ணே. நாளைக்கு ஆராதனை முடிஞ்சதும் அப்பா சபையில ஆல்பம் வெளியிடுறோம். அத்தை சிரம்பான்லேர்ந்து வராங்க. இவரு என்னான்னா இன்னிக்கு வந்து பாட்ட தூக்குறேங்குறாரு!

தனேஷ்: எங்கம்மாவும் வருது. காலையில கோயில்ல அர்ச்சனை, முடிச்சுட்டு நேரா சர்ச்சு. "ரெண்டு பக்கமும் சொல்லி வச்சுருவோம்டா, உன் ட்ரம்ஸ் நல்லபடியா போகட்டும்"னுச்சு.

ரெபெக்கா: பாரு! ஆன்டியே வராங்க. சரி, ஸ்டூடியோவுல நீ மட்டும் மேல போயி ஃபைனல் காப்பி வாங்கிட்டு வந்தியே… போடு, கேப்போம். நாங்க பார்க்கிங் கெடைக்காம கீழ சுத்துனதுதான் மிச்சம்.

ஜெர்வின்: வீட்டுல போயி கேக்கலாம்.

ரெபெக்கா: ஏன்? இப்பவே போடு.

ஜெர்வின்: கேக்கலாம் லா… மொதல்ல நான் கேக்குறதுக்கு பதில் சொல்லு. அந்தப் பாட்டுல உச்சி ஒண்ணு இருக்குல்ல. "கரை…"ன்னு மேல ஏறுமே. அத நான் பாடி நீ எப்பவாச்சும் கேட்டுருக்கியா?

ரெபெக்கா: என்னா கேள்வி இது? ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும்…

ஜெர்வின்: ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் அந்த எடம் வந்தா நான் என்ன பண்ணுவேன்?

தனேஷ்: நான் சொல்றேன், நான் சொல்றேன்! மைக்க சனங்க பக்கம் நீட்டுவ. கண்ண மூடி, ஒரு கைய மேல தூக்கி… "சபையே, நீங்க பாடுங்க!"

ரெபெக்கா: அது… ஆவியோட அபிஷேகம்.

தனேஷ்: அது எஸ்கேப்பு!

ரெபெக்கா: தனேஷ்ணே!

தனேஷ்: நான் பின்னால ட்ரம்ஸ்ல உக்காந்து பாக்குறவன் பெக்கி. எனக்குத் தெரியாதா? சபை பாடி முடிக்கும், அண்ணன் மைக்க திருப்பி "அல்லேலூயா"ம்பாரு. ஸ்டூடியோவுலயும் அதையேதான செஞ்சாரு!

ஜெர்வின்: ஆரம்பிச்சுட்டான்…

தனேஷ்: மறக்க முடியுமா மச்சான்? உள்ள தனியா நின்னு பாடுற. அந்த எடம் வந்துச்சு. பழக்க தோசம்… ரெண்டு அடி பின்னால போயி, கண்ண மூடி, கண்ணாடி பக்கம் கைய நீட்டுற. கண்ணாடிக்கு அந்தாண்ட சபையா இருக்கு? ரெக்கார்டிங் பண்ற சிவநேசன் அங்கிள் ஒத்த ஆளு. வாயில பாதி கடிச்ச கறிபாப்.

ரெபெக்கா: ஐயோ, அங்கிள் மூஞ்சி…

தனேஷ்: "தம்பி… நான் முருக பக்தன்பா. இத நான் பாடணுமா?"ன்னாரே!

ரெபெக்கா: ஹாஹாஹா… போதும், வயிறு வலிக்குது.

ஜெர்வின்: சிரிங்க, சிரிங்க. அன்னிக்கு பூரா பாடிப் பாத்தேன். ஒரு தடவ கூட ஏறல. தொண்ட கிழிஞ்சு காத்துதான் வந்துச்சு.

ரெபெக்கா: …தெரியும்ணா.

ஜெர்வின்: அப்பறம் எப்படி? போன வாரம் அங்கிள் அனுப்புன காப்பியில அந்த உச்சி சும்மா வழுக்கிட்டு மேல போகுதே, எப்படி?

ரெபெக்கா: அது… அங்கிள் கம்ப்யூட்டர்ல இழுத்து விட்ருப்பாரு. இப்பல்லாம் எல்லாரும் அப்படித்தான்ணா.

ஜெர்வின்: இழுத்து விட்டா மூச்சு எடுக்குற சத்தம் கூடவா புதுசா வரும்?

தனேஷ்: யாருக்காச்சும் தண்ணி வேணுமா? சீட்டுக்கு அடியில போத்தல் இருக்கு.

ரெபெக்கா: நீங்க முன்னால பாருங்க.

தனேஷ்: நான் ஒண்ணுமே சொல்லலயே!

ஜெர்வின்: என்னத்த சொல்லல?

தனேஷ்: அதான்… ஒண்ணும் சொல்லல.

ஜெர்வின்: இங்க பாரு பெக்கி. கிட்டார் சத்தத்த கேட்டுட்டு அப்பா "இது துதியா, இடியா?"ன்னாரு, சிரிச்சுட்டு விட்டுட்டேன். தனேஷு பத்து மலை முருகன் கோயில்ல உறுமி அடிக்கிற மாதிரி நம்ம பாட்டுல அடிச்சான், அதுவும் நல்லாருக்குன்னு வச்சுக்கிட்டோம். எல்லாம் சரி. ஆனா வராத சத்தத்த வந்துச்சுன்னு சொல்லி சாமி பாட்டு போட எனக்கு மனசு வரல. அது என் குரல் இல்ல. தூக்குறேன்… இந்தா, அப்பாவுக்கு போன் போடுறேன்.

ரெபெக்கா: இரு!

ஜெர்வின்: என்ன?

ரெபெக்கா: இருண்ணா… போன கீழ வை. அது… கம்ப்யூட்டர் இல்ல.

ஜெர்வின்: பின்ன?

ரெபெக்கா: …நான்.

தனேஷ்: அப்பாடா.

ரெபெக்கா: ஸ்ரீ கெம்பாங்கான்ல கூட்டாளி வீட்டுக்குப் போறேன்னு சொன்னேன்ல… அங்க போகல. ஸ்டூடியோவுக்குப் போனேன். அந்த ஒரு எடம் மட்டும் பாடிட்டு வந்துட்டேன். அங்கிள்கிட்ட கெஞ்சி, உன் குரலோட சேத்து ஒளிச்சு வைக்கச் சொன்னேன். உன் குரல் மாதிரியே கேக்கணும்னு… ரொம்ப கெஞ்சுனேன்.

ஜெர்வின்: ஏன் என்கிட்ட சொல்லல?

ரெபெக்கா: எப்படி சொல்றது? அன்னிக்கு ஸ்டூடியோவுலேர்ந்து வந்து சோறு கூட திங்கல நீ. கிட்டார தூக்கி அலமாரி மேல வச்சுட்டு, "இனிமே நமக்கு எதுக்கு பாட்டு"ன்ன. கிளாங் கலிலேயான்னு பேண்டுக்கு பேர் வச்சதே நீதான். நீ பாடலன்னா பேண்டே இல்ல. அதான்… நீயே பாடி ஏறிட்டதா நெனச்சுக்கணும்னு…

ஜெர்வின்: லூசு.

ரெபெக்கா: ஆமா, லூசுதான். இப்ப பாட்ட தூக்கிருவியா?

ஜெர்வின்: அந்தப் பாட்டுக்கு ட்யூன் போட்டது யாரு?

ரெபெக்கா: …நான்தான்.

ஜெர்வின்: யாரு தொண்டைக்குப் போட்ட?

ரெபெக்கா: தெரியலண்ணா. கீபோர்டுல உக்காந்து பாடிப் பாடிதான் போட்டேன்… எனக்கு வர்ற எடத்துல.

தனேஷ்: அதான் இவனுக்கு ஏறல! பொண்ணு சட்டைய தச்சு இவனுக்கு மாட்டி விட்டுருக்க. கிழியாம என்ன பண்ணும்?

ஜெர்வின்: நீ ஒருத்தன்… ஆனா சரியாத்தான் சொல்றான் பெக்கி. ஒண்ணு கேக்குறேன். நீ லீட் பாடக்கூடாதுன்னு அப்பா எப்பவாச்சும் சொன்னாரா?

ரெபெக்கா: இல்லையே.

ஜெர்வின்: அம்மா?

ரெபெக்கா: இல்ல. யாரும் சொல்லல… யாரும் கேக்கவும் இல்ல.

ஜெர்வின்: நான் கேட்டுருக்கணும். மைக்க மொத்த சபைக்கும் நீட்டுனேன். பக்கத்துல நிக்கிற உனக்கு நீட்டத் தோணல எனக்கு.

ரெபெக்கா: …விடுண்ணா. இப்ப எதுக்கு அதெல்லாம்.

தனேஷ்: டேய், முடியல. மச்சான், நீ சொல்றியா, நான் சொல்லவா?

ரெபெக்கா: என்ன சொல்லணும்? இன்னும் என்ன?

தனேஷ்: பெக்கி, அன்னிக்கு உன்ன ஸ்டூடியோவுக்கு ஏத்திட்டுப் போனது யாரு?

ரெபெக்கா: நீங்கதான்.

தனேஷ்: முந்தாநாளு இவன ஏத்திட்டுப் போனதும் நான்தான்! நீ "அண்ணன்கிட்ட சொல்லாதீங்க"ங்குற. இவன் "தங்கச்சிகிட்ட சொல்லாத"ங்குறான். போர்ட்ல கன்டெய்னர் லோரி ஓட்டுறவன் நானு… அதுல கூட இவ்வளவு பாரம் ஏத்துனதில்ல!

ரெபெக்கா: முந்தாநாளா? அண்ணா… முந்தாநாளு எதுக்குப் போன?

ஜெர்வின்: எனக்கு போன வாரமே தெரியும் பெக்கி. நீ பாத்ரூம்ல பாடுறதக் கேட்டு வளந்தவன் நானு, உன் மூச்சு எனக்குத் தெரியாதா? பாட்ட தூக்குறேன்னது சும்மா, நீயா வாய தொறக்கணும்னுதான். நான் காய்ச்சல்ல படுத்தன்னிக்கு, தனேஷு கேட்டுக்கிட்டே ட்ரம்ஸ் அடிக்கட்டும்னு ஸ்டூடியோவுல முழுப் பாட்டும் நீதான பாடிக் குடுத்த? அங்கிள் அத அழிக்கல, பத்திரமா வச்சிருந்தாரு. முந்தாநாளு போயி, என் குரல மொத்தமா எடுங்க அங்கிள், பெக்கி பாடுனதையே வைங்கன்னுட்டேன். நான் பின்னால "ஓ ஓ" மட்டும்தான்… அதுல கூட ஒரு எடத்துல பிசிறு அடிக்குது, கண்டுக்காத. அதத்தான் இன்னிக்கு மேல போயி வாங்கிட்டு வந்தேன். மச்சான், சத்தத்த நல்லா கூட்டு… ஏய், அழாத லா, கேளு… இந்தா, ஆரம்பிச்சுருச்சு… எப்படி இருக்கு பெக்கி? சொல்லு, எப்படி இருக்கு?