பஜ்ஜி மடித்த ஆதார் நகல்

பெயர் கனகலட்சுமி, வயது 23, தகப்பனார் பெயர் நெல்லையப்பன். சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். தற்போது சுங்குவார்சத்திரம் பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் வாடகை அறையில் வசித்து வருகிறேன். டிப்ளமோ படித்துள்ளேன். செல்போன் கம்பெனி லைனில் இரண்டு வருடம் வேலை பார்த்து, ஒப்பந்தம் முடிந்ததால் நிறுத்தப்பட்டேன். ஒரகடத்தில் ஆள் சேர்ப்பு அலுவலகம் நடத்தும் ஸ்ரீதர் என் மீது கொடுத்த திருட்டுப் புகார் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. அதில் சொல்லியுள்ள காகித மூட்டைகளை எடுத்தது நான்தான். ஆனால் திருடவில்லை.

கடந்த 4ஆம் தேதி காலை பத்து மணிக்கு நானும் என் அறையில் தங்கியிருந்த உலகம்மாளும் மேற்படி அலுவலகத்துக்கு வேலை கேட்டுப் போனோம். என்ன வேலை தெரியும் என்று கேட்கும் முன்பே ஆதார், பான், ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ் ஆகியவற்றில் மும்மூன்று நகல் கேட்டார்கள். ஒவ்வொன்றிலும் செல்போன் எண்ணை எழுதச் சொன்னார்கள். வேலை உறுதியானதும் தருகிறேன் என்று நான் சொன்னதற்கு ஸ்ரீதர், "இன்னாம்மா, வர்றவங்க எல்லாம் குடுத்துகினுதான் போறாங்க, உனக்கு மட்டும் இன்னா?" என்றார். ரேஷன் கார்டில் என் தங்கையும் இருக்கிறாள், அவள் உங்களிடம் வேலை கேட்கவில்லையே என்றேன். அதன் பிறகு என்னை வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். உலகம்மாள் எல்லாவற்றையும் கொடுத்தாள். அவளுக்கும் வேலை இல்லை என்றார்கள். நகல்களைத் திருப்பிக் கேட்டதற்கு ஃபைலுக்குப் போய்விட்டது என்றார்கள்.

அதன் பிறகு 11ஆம் தேதி மாலை பேருந்து நிறுத்தத்தில் சுப்பிரமணி என்பவரின் டீக்கடையில் வாழைக்காய் பஜ்ஜி வாங்கினேன். மடித்துக் கொடுத்த தாளைப் பிரித்தபோது அது உலகம்மாளின் ஆதார் நகலாக இருந்தது. எண்ணெய் அவள் நெற்றி வரை ஏறியிருந்தது. அவள் கைப்பட எழுதிய செல்போன் எண் மட்டும் தெளிவாகத் தெரிந்தது. யாரென்றே தெரியாத ஒருவன் மூன்று நாட்களாக அவள் பெயரையும் ஊரையும் சொல்லி போனில் தொந்தரவு செய்துகொண்டிருந்தது எப்படி என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. தாளைக் காட்டியபோது உலகம்மாள் அழவில்லை. "ஏளா, என் மூஞ்சியிலயா எண்ணெய் துடைக்கானுவ?" என்று மட்டும் கேட்டாள். மறுநாள் அவள் அண்ணன் வந்து ஊருக்குக் கூட்டிப் போய்விட்டார். இனி வேலைக்கு அனுப்ப மாட்டார்களாம்.

அதன் பிறகு சுப்பிரமணியிடம் விசாரித்தேன். "நமக்கு இன்னாமா தெரியும், அந்த ஆபீஸ்லேந்து பழைய பேப்பர் கடைக்கு மூட்டையா வருது, நான் வாங்கிக்கிறேன்" என்றார். 13ஆம் தேதி மதியம் அந்த அலுவலகத்துக்குப் போனேன். வாசலில் நகல்கள் அடைத்த இரண்டு மூட்டைகள் கிடந்தன. அனைவரும் பார்க்க ஷேர் ஆட்டோவில் ஏற்றினேன். நான் பழைய பேப்பர் கடை ஆள் என்று நினைத்து அலுவலக ஊழியர் ஒருவர் கைகொடுத்துத் தூக்கியும் விட்டார். நான் அப்படி எதுவும் சொல்லவில்லை.

அதன் பிறகு தாள்களில் இருந்த எண்களுக்கு ஒவ்வொன்றாக போன் செய்தேன். உரியவர்கள் வந்து சுப்பிரமணி கடையில் வாங்கிப் போனார்கள். சுப்பிரமணியின் மகள் சுகப்பிரியாவின் நகலும் அதில் இருந்தது. அன்றிலிருந்து அவர் பஜ்ஜியை வாழை இலையில் கொடுக்கிறார்.

மீதி மூட்டையைத் திருப்பிக் கொடுத்து, வருத்தம் தெரிவித்து எழுதினால் புகாரை வாபஸ் வாங்குவதாக ஸ்ரீதர் சொல்லியிருக்கிறார். வழக்கு இருந்தால் இந்தப் பக்கம் எந்தக் கம்பெனியும் என்னைச் சேர்க்காது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் மறுக்கிறேன். பழைய பேப்பருக்குப் போட்டபோது அவருக்கு வேண்டாதது, நான் எடுத்ததும் எப்படி அவர் சொத்தானது? மீதியையும் உரியவர்களிடம் மட்டுமே கொடுப்பேன். எனக்கு வருத்தம் இல்லை, கோபம்தான் உள்ளது.

உதவி ஆய்வாளர் மஞ்சுளா எழுதிய இதை நானே வாசித்தேன். நான் சொன்னதுதான் உள்ளது, அத்தனையும் உண்மை, யாரும் மிரட்டிச் சொல்ல வைக்கவில்லை. இத்துடன் இணைக்க என் ஆதார் நகல் கேட்கப்பட்டது. கொடுத்துள்ளேன். அதில் என் முகத்தின் குறுக்கே இன்றைய தேதியையும் 'இந்த வழக்குக்கு மட்டும்' என்பதையும் பேனாவால் எழுதியுள்ளேன். வழக்கு முடிந்ததும் அதைத் திருப்பி வாங்க நானே வருவேன்.

(ஒப்பம்) நெ. கனகலட்சுமி