கணுக்கால் நாடி

— நான் கண்ணு காட்ட வந்தேன், சம்பந்தி. வேற ஒண்ணுமில்லை.

— கண்ணு டாக்டர் மாடியில இல்ல உட்கார்றாரு? இங்க சர்க்கரைக்காரங்களுக்குக் கால்ல ரத்தம் ஒழுங்கா ஓடுதான்னு பார்க்கறாங்க, வக்கீல் சார். போர்டு அவ்வளவு பெருசா தொங்குது.

— மாடிக்குப் போற வழியில சித்த உட்கார்ந்தேன்.

— பேண்ட்டை முட்டி வரைக்கும் சுருட்டிக்கிட்டா? கணுக்கால்ல டெஸ்டுக்குத் தடவின பசை வேற மினுமினுங்குது. அட விடுங்க, என்கிட்டயுமா கோர்ட்டுல பேசற மாதிரி பேசணும்?

— குரலைத் தாழ்த்துங்க. நாலு பேர் பார்க்கறாங்க.

— எவ்வளவு நாளா சர்க்கரை?

— சம்பந்தம் பேசினப்பவே உங்களுக்குச் சொல்லியிருக்கேன். எங்க பரம்பரையில யாருக்கும் அந்த வியாதி கிடையாது.

— நான் கேட்கவேயில்லை, நீங்களாத்தான் சொன்னீங்க. அட விடுங்க. சாயங்காலம் நடக்கறப்போ துணிக்கடை வாசல்ல நின்னு பொம்மைக்கு மாட்டின சட்டையை உத்துப் பார்ப்பீங்களே, அதுவும் இதுக்குத்தானா? சாருக்கு இந்த வயசுல புதுத்துணி ஆசை வந்துடுச்சுன்னு வீட்டுல சொல்லிச் சிரிச்சேன்.

— கெண்டைச்சதை பிடிச்சு இழுக்கும். கொஞ்சம் நின்னா விட்டுடும். சும்மா நிக்கறது அசிங்கமா இருக்கு, அதான் எதையாவது பார்க்கறேன். இது உங்களோட இருக்கட்டும்.

— ஐயா, இங்கதான் உட்கார்ந்திருக்கீங்களா? ரிசல்ட்டை டாக்டர் பார்த்துட்டாரு. இவர் முன்னாடி சொல்லலாமா?

— சொல்லும்மா சிஸ்டர். இனிமே மறைச்சு என்ன ஆகப்போகுது.

— இடது கணுக்கால்ல நாடிச் சத்தம் சரியா கேட்கலை. கையில இருக்கற அழுத்தத்துல பாதிகூட அங்க இல்லை. ரத்தக்குழாய் டாக்டரை இன்னிக்கே பார்க்கணும். தள்ளிப் போட்டா ஒரு சின்னப் புண்ணு வந்தாலும் ஆறாது ஐயா, காலையே எடுக்கும்படி ஆயிடலாம். வீட்டுல யாரையாவது வரச் சொல்லுங்க.

— வீட்டுக்குத் தெரிய வேண்டாம். அடுத்த மாசம் வர்றேன்னு டாக்டர்கிட்ட சொல்லிடும்மா.

— டாக்டரையே கூட்டிட்டு வர்றேன். எழுந்து போயிடாதீங்க ஐயா.

— அடுத்த மாசமா? அதுக்குள்ள கால் போனா என்ன பண்ணுவீங்க, வக்கீல் சார்?

— போகட்டும். வண்டி இடிச்சதுன்னு சொல்லிக்கறேன். பொய் சொல்லிப் பொண்ணைக் கட்டிக் குடுத்தான்னு ஒரு பேச்சு மட்டும் வரக் கூடாது. எங்கப்பா சொன்னா சொன்னதுதான்னு என் பொண்ணு உங்க வீட்டுல தலை நிமிர்ந்து நடக்கறா. அதை விட எனக்குக் கால் பெருசில்லை.

— அவ எப்படி நடக்கறான்னு நீங்க பார்த்து எவ்வளவு நாளாச்சு?

— என்ன பேச்சு இது? தோழியைப் பார்க்க வெளியூர் போயிருக்கான்னு நீங்கதானே போன வாரம் சொன்னீங்க.

— சொல்லச் சொன்னா, சொன்னேன். ரெண்டாவது பிரசவத்தப்போ வந்த சர்க்கரை அவளுக்குப் போகவேயில்லை. டாக்டர்கிட்ட வாம்மான்னு எவ்வளவோ கெஞ்சினோம். யாராவது பார்த்துட்டா அப்பா சொன்னது பொய்யாயிடும்னு பிடிவாதமா இருந்துட்டா. உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு என் கையில அடிச்சுச் சத்தியம் வாங்கினா. இன்னிக்கு அதை மீறிட்டேன்.

— என் பொண்ணு எங்க இருக்கா இப்போ?

— மெதுவா எழுந்திரிங்க, என் தோளைப் பிடிச்சுக்கங்க. எதிர் ரூம்லதான் அவளுக்குக் கட்டு மாத்தறாங்க, கால் கட்டை விரலை எடுத்த இடத்துல.