ஓடக்காரி குறித்த பார்வையாளர் கருத்துகள்

நான் தொலைக்காட்சி பார்க்கிற ஆள் இல்லை, ஐயா. தொலைக்காட்சி நிறுவனத்தில் இருபத்திரண்டு வருடம் குப்பை கொட்டியவன் இப்படிச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். வீட்டில் மனைவி பார்ப்பாள். நான் அடுத்த அறையில் புத்தகம் படிப்பேன். சத்தத்தைக் குறை என்பேன், குறைப்பாள். எங்களுக்குள் சண்டை என்று ஒன்று வந்ததே இல்லை.

எழுதிக்கொள்பவரிடம் ஒரு வேண்டுகோள். நான் சொல்வதைச் சொன்னபடியே எழுதட்டும். இடையில் சொந்தச் சரக்கைச் சேர்ப்பவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. இந்த விஷயமே அதனால் வந்ததுதான்.

என் வேலை பார்வையாளர் கருத்துப் பிரிவில். பிரிவு என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். மூன்றாவது மாடியில் கழிவறையைத் தாண்டிக் கடைசி அறை. பிரிவும் நானே, அதன் தலைவரும் நானே. எங்கள் நிறுவனத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. இணையத்தில் கத்துகிறவர்கள் எல்லாம் வேலை வெட்டி இல்லாதவர்கள். உட்கார்ந்து காகிதத்தில் எழுதி, உறையில் போட்டு, தபால்தலை ஒட்டி அனுப்புகிறவன்தான் நிஜமான பார்வையாளன். முதலாளியின் அப்பா காலத்து நம்பிக்கை. ஆகவே கடிதங்கள் என் அறைக்கு வரும். நான் படித்து, தேதி வாரியாக அடுக்கி, வாரம் ஒருமுறை ஒரே பக்கத்தில் அறிக்கை தருவேன். அந்த ஒரு பக்கத்தைத் தயாரிப்பாளர் படிப்பார், எழுத்தாளர் படிப்பார். கடிதங்களை என்னைத் தவிர யாரும் தொட்டதில்லை. பெட்டி பெட்டியாக மேல் அலமாரிக்குப் போய்விடும்.

மூன்று வருடத்துக்கு முன் அந்த ஐந்து பாக நாவலைத் தொடராக எடுக்கப் போவதாகச் சொன்னார்கள். நிழலைத் தொலைத்த அரசன் அதைத் தேடிப் போகிற கதை. எழுதியவர் போய்ச் சேர்ந்து எழுபது வருடம் ஆகிறது. எல்லார் வீட்டு அலமாரியிலும் இருக்கும். திறந்து பார்த்தவர்கள் குறைவு. நான் பத்தொன்பது முறை படித்திருக்கிறேன். பதினாறு வயதில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய அதே பிரதி. பெருமைக்காகச் சொல்லவில்லை, கணக்குக்காகச் சொல்கிறேன்.

தொடர் ஆரம்பித்ததும் ஜனங்கள் எழுதிய கடிதங்களைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். டிராகனுக்கு இத்தனை பற்கள் இருக்க வாய்ப்பில்லை என்று ஒரு பல் மருத்துவர் படம் போட்டு அனுப்பினார். எத்தனை டிராகன்களுக்கு வைத்தியம் பார்த்தாரோ. வடக்கு வாசலிலிருந்து காட்டுக்கு அரை நாளில் குதிரை போகாது என்று ஓய்வு பெற்ற நில அளவையாளர் ஒருவர் வரைபடத்தோடு மல்லுக்கட்டினார். அரசனின் படுக்கையறைத் திரைச்சீலை எங்கள் வீட்டில் இருப்பதுதான், எங்கே வாங்கினீர்கள் என்று ஒரு பெண்மணி. எல்லாரையும் பொறுமையாகப் படித்தேன். அவர்களில் பாதிப் பேருக்குப் பொழுது போகவில்லை, மீதிப் பேருக்குப் புத்தி போதவில்லை.

தொடரை எழுதிய அம்மாவை அலுவலகத்தில் எல்லாரும் பென்சில் மேடம் என்பார்கள். கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். நாற்பது வயது இருக்கும். நல்ல மாதிரி. அறிக்கை வாங்க ஆளை அனுப்பாமல் தானே மாடி ஏறி வருவார். "வெளியில யாரு என்ன எழுதறாங்கன்னு நான் பாக்கறதே இல்ல சார். பாத்தா கை நின்னுடும். நீங்க சொல்றது போதும் எனக்கு" என்பார். அந்த நம்பிக்கைக்கு நான் கடைசி வரை மரியாதை கொடுத்தேன்.

இரண்டாம் வருடம் எட்டாவது பகுதியில் ஓடக்காரி வந்தாள்.

இதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும், மற்றதெல்லாம் இதிலிருந்துதான். இரண்டாம் பாகத்தில் அரசன் சாயங்காலம் ஆற்றங்கரையில் வந்து நிற்கிறான். பக்கத்தைத் திருப்பினால் அக்கரைக் காட்டில் நடந்துகொண்டிருக்கிறான். எப்படிக் கடந்தான் என்று ஒரு வார்த்தை கிடையாது. சாதாரண எழுத்தாளனாக இருந்தால் ஓடம், புயல், முதலை என்று அளந்து தள்ளியிருப்பான். இவர் சொல்லாமல் விட்டார். அந்த மௌனத்தைப் பற்றி நான் ஒரு கட்டுரை எழுதி இலக்கியக் கூட்டமொன்றில் வாசித்தேன். முப்பது பேர் கை தட்டினார்கள். என் வாழ்க்கையில் எனக்காக யாரும் கை தட்டியது அன்றைக்குத்தான்.

அந்த இடத்தில்தான் இந்த அம்மா ஒரு ஓடக்காரியைக் கொண்டுவந்து உட்கார வைத்தார். ஓடக்காரி அரசனிடம் கூலி கேட்கவில்லை. "அந்தக் கரையில உனக்காக யாரு காத்திருக்கா?" என்று மட்டும் கேட்கிறாள். அரசன் குலுங்கிக் குலுங்கி அழுகிறான். ஊரே சேர்ந்து மூக்கைச் சிந்தியது. அடுத்த வாரத்திலிருந்து மூட்டை மூட்டையாகக் கடிதம். ஓடக்காரியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். அதிலும் நாற்பது ஐம்பது பேர், 'புத்தகத்தில் இருப்பது போலவே எடுத்திருக்கிறீர்கள்' என்று எழுதியிருந்தார்கள். படிக்காமலே படித்ததாகக் காட்டிக்கொள்கிற ஜன்மங்கள் உலகத்தில் எத்தனை பார் என்று மனைவியிடம் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"எனக்கு அவளைப் பிடிச்சிருக்கு. நான்கூட ஒரு லெட்டர் போட்டேன். வந்துதா?" என்றாள்.

வரவில்லை என்றேன். வந்திருந்தது. 'எனக்கு வயது ஐம்பத்திரண்டு. என்னிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. ஓடக்காரி கேட்டது என்னைத்தான் என்று தோன்றியது' என்று எழுதியிருந்தாள். 'யாரும்' என்பதில் நானும் சேர்த்தியா என்று தெரியவில்லை. இலக்கணப் பிழை இல்லாமல் எழுதியிருந்தாள், அதைச் சொல்ல வேண்டும்.

அந்த வார அறிக்கையில், 'ஓடக்காரியைப் பெரும்பாலான பார்வையாளர்கள் விரும்பவில்லை' என்று எழுதினேன். ஒரே ஒரு வரி. இவ்வளவு பேர் ஒரு விஷயத்தில் தப்பாக இருந்தால் யாராவது ஒருவர் திருத்த வேண்டாமா.

அடுத்தடுத்த வாரங்களில் உதாரணம் கேட்டார்கள். உதாரணத்துக்கு நான் எங்கே போவேன், நானே எழுதினேன். ஐந்தாறு விதமான கையெழுத்து, விதவிதமான உறை. ஆசிரியர் போல, தாய்மார் போல, எழுத்து கூட்டிப் படிக்கிறவர் போல. தயாரிப்பாளருக்கு மட்டும் ஒரு குழப்பம். "பாக்கறவங்க எண்ணிக்கை ஏறிக்கிட்டே போகுதேய்யா?" என்றார். "திட்டறதுக்காகவே உக்காந்து பாக்கறாங்க சார்" என்றேன். அப்படியா என்று தலையாட்டிக்கொண்டார். அவர் காதில் பூ சுற்ற பெரிய தோட்டமெல்லாம் தேவையில்லை.

பென்சில் மேடம் முதலில் சிரித்தார். பிறகு உட்காராமல் வாங்கிக்கொண்டு போனார். ஒரு கடிதத்தில், 'இதை எழுதிய கையை ஒடித்தால் புண்ணியம்' என்றிருந்தது. சற்றுக் காரம்தான், ஆனால் வாக்கியம் நன்றாக அமைந்துவிட்டதால் விட்டுவிட்டேன். அதைப் படித்துவிட்டு என் எதிரிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நான் என்ன சார் தப்பு பண்ணேன்? அந்தப் பொண்ணு என்ன பண்ணா அவங்கள?"

"மனசுல வெச்சுக்காதீங்க மேடம். ஜனங்க அப்படித்தான்" என்றேன். தண்ணீர் கொடுத்தேன். அவருக்கு அந்த நேரத்தில் ஆறுதல் சொல்ல அலுவலகத்தில் வேறு யாரும் இல்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவர் கொண்டையில் பென்சிலைப் பார்க்கவில்லை. தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்குவதில்லை என்று கேன்டீனில் பேசிக்கொண்டார்கள். தயாரிப்பாளர் அழைத்து, வெள்ளிக்கிழமைக்குள் ஓடக்காரியை ஆற்றில் மூழ்கடித்து எழுதிக் கொடு, இல்லையென்றால் வேறு ஆளை வைத்து எழுதிக்கொள்கிறேன் என்றார். நான் திருப்தியாக இருந்தேன். புத்தகத்துக்கு நியாயம் கிடைக்கப் போகிறது, யாருக்கும் எந்தச் சேதமும் இல்லை.

வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு மேடம் என் அறைக்கு வந்தார். பென்சில் மறுபடி கொண்டையில் இருந்தது.

"சாகடிக்கறதுக்கு முன்னாடி எல்லா லெட்டரையும் என் கண்ணால ஒருதடவ படிச்சிடறேன் சார். அவளுக்கு அந்த மரியாதையாவது பண்ணணும்ல."

இருபத்திரண்டு வருடத்தில் பெட்டிகளைத் திறக்க யாரும் கேட்டதில்லை. மேலே தூசி மேடம், உங்களுக்கு ஒத்துக்காது என்றேன். பரவாயில்லை என்று அவரே ஏணியை இழுத்துப் போட்டார். அந்த ஏணிக்கு ஒரு கால் குட்டை. ஒருவர் ஏறினால் மற்றவர் பிடித்துக்கொள்ள வேண்டும். நான் பிடித்துக்கொண்டேன். பெட்டியைக் கீழே கொண்டுவருவார் என்று நினைத்தேன். அவர் மேல் படியில் நின்றபடியே திறந்து படிக்க ஆரம்பித்துவிட்டார். ஒன்று, இரண்டு, பத்து. பிறகு ஒன்றைச் சத்தமாகப் படித்தார். 'எனக்கு வயது ஐம்பத்திரண்டு.'

"சார், இதெல்லாம் நல்லாத்தானே எழுதியிருக்காங்க? பாக்ஸ் ஏதாவது மாறிப்போச்சா?"

ஒரு பேச்சுக்காவது என்னைச் சந்தேகப்பட்டிருக்கலாம். படவில்லை. சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார், கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியும் சார். ரெண்டாம் பாகத்துல அந்தப் பதினாறு பக்கத்தைப் படிச்சப்பவே தெரியும், ஜனங்களுக்கு இவளைப் பிடிக்கும்னு. நான் ஒரு வார்த்தைகூட மாத்தலையே, அப்படியேதான எடுத்து வெச்சேன்."

"எந்தப் பதினாறு பக்கம்?" என்றேன்.

"ஆத்தைத் தாண்டற அத்தியாயம் சார். ஓடக்காரி வர்றது. நீங்கதான் கரைச்சுக் குடிச்சவராச்சே, உங்களுக்குத் தெரியாதா?"

என் பிரதியில் அந்த இடத்தில் பக்க எண் பதினாறு எகிறியிருக்கும், ஐயா. உண்மைதான். அச்சகத்துக்காரர்கள் எண்ணுவதில் கெட்டிக்காரர்கள் இல்லை என்று நினைத்திருந்தேன். பைண்டு செய்தபோது பதினாறு பக்கக் கட்டு ஒன்று விடுபட்டிருக்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. கூட்டத்தில் கை தட்டிய முப்பது பேருக்கும் தோன்றவில்லை. ஒருவேளை தோன்றியிருக்கலாம். ஒருவேளை அதற்காகத்தான் தட்டினார்களோ என்று அந்த ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது நினைத்தேன். மேடம் மேலேயிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் கேலி இல்லை. புரிந்துகொண்டது போல ஒரு இரக்கம் வந்தது. "அய்யோ, சார்" என்றார், மெதுவாக.

நான் கையை எடுத்தேன்.

விழுந்த சத்தம் பெரிதாக இல்லை. கடிதங்கள்தான் அறை முழுக்கப் பறந்தன. தலை மேசை முனையில் பட்டிருந்தது. உயிர் இருந்தது, இரண்டு முறை "சார்" என்றார். மரியாதை தெரிந்த பெண். கதவைச் சாத்திவிட்டு, கடிதங்களைப் பொறுக்கி அடுக்க ஆரம்பித்தேன். என் மனைவியின் கடிதத்தைத் தேட நேரமாகிவிட்டது, மேடத்தின் கைக்குள் இருந்தது. எல்லாம் முடிந்து ஆம்புலன்சுக்குப் போன் செய்தபோது பதினொன்றரை. அதற்குள் அவர் கூப்பிடுவதை நிறுத்தியிருந்தார்.

ஏணியிலிருந்து விழுந்தவரின் பெட்டியில் கடிதங்கள் தேதி வாரியாக இருந்ததால்தான் உங்களுக்குச் சந்தேகம் வந்தது என்றீர்கள். என்ன செய்வது, அரைகுறையாக ஒரு வேலையை விட்டுவிட்டு எழுந்திருக்க எனக்கு வராது.

மேடம் போனதற்கு எத்தனை கடிதம் வந்தது என்று நினைக்கிறீர்கள். பதினோராயிரம். என்னைக் கைது செய்கிற வரை அதற்கும் நான்தான் அறிக்கை எழுதினேன், ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல். மேடத்தின் நினைவாக ஓடக்காரியைச் சாகடிக்கப் போவதில்லை என்று தயாரிப்பாளர் கண்ணீரோடு அறிவித்தார். தொடர் முடியும் வரை அவள் துடுப்புப் போட்டுக்கொண்டே இருப்பாளாம்.

நேற்று என் மனைவி வந்தாள். அவளுடைய கடிதத்தை நீங்கள் காட்டியிருக்கிறீர்கள். அழவில்லை, சத்தம் போடவில்லை. "வந்துதான்னு கேட்டேனே, ஒரு வார்த்தை ஆமான்னு சொல்லியிருக்கக் கூடாதா?" என்றாள். எழுந்து போய்விட்டாள்.

அவ்வளவுதான், ஐயா. கையை எடுத்தேன் என்று மட்டும் சொன்னேன். முழங்காலால் அந்தக் குட்டைக் காலை ஒரு இடி இடித்தேன், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வேண்டுமென்றேதான் செய்தேன். நாற்பது நிமிடம் சாகட்டும் என்று காத்திருந்தேன். கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். அந்தப் புத்தகத்தை நான் முழுதாகப் படித்ததில்லை என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிடுங்கள்.