கேமராவைப் பிடித்திருந்தவன்

மாலை நான்கு மணி. டிசம்பர், அதனால் கும்மிருட்டு. பின்லாந்தில் குவோபியோ ஊரைத் தாண்டி ஏரியை ஒட்டிப் போகும் சாலை... முன்னும் பின்னும் ஒரு வண்டி கிடையாது. ஹில்க்கா தனியாகக் காரை ஓட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்து இருக்கையில் துணிப்பை, அதற்குள் ஒரு கேமரா.

யார் ஹில்க்காவா? நம் யோர்மாவின் சித்தப்பா மகள். சிரிக்கிறவன் சிரி. அடுத்த தடவை இந்தச் சவுனா நீராவிக் குளியலுக்கு விறகு எடுக்க உன்னைத்தான் தனியாக அனுப்பப் போகிறேன்.

அவள் தம்பி வில்யோ பனி தள்ளும் வண்டி ஓட்டியவன். போன மாதம் பின்பக்கமாக எடுக்கும்போது வண்டி ஏரிக்குள் இறங்கிவிட்டது. பனிக்கட்டி உடைந்து... வண்டியைத் தூக்கினார்கள். அவன் கிடைக்கவில்லை. பின்பக்கம் காட்டும் கேமராவை அவனே அணைத்துவிட்டான் என்று கம்பெனி சொன்னது. அந்தக் கேமராவை இயக்கும் நிரலை எழுதிய ரவுனோவும் அதையேதான் சொன்னான். ரவுனோ ஹில்க்காவின் புருஷன்.

அவளும் அதே கம்பெனியில் நிரல் எழுதுகிறவள்தான். மனசு கேட்கவில்லை. மீட்ட கேமராவை எடுத்துக்கொண்டு ஆளில்லாத ஆய்வகத்துக்குப் போனாள்.

ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். கேமராவை யாராவது பயன்படுத்தத் தொடங்கினால் கணினி ஒரு ஆள் என்று கணக்கு வைக்கும். விட்டால் கழிக்கும். கணக்கு பூச்சியம் ஆனால்தான் கிளாக்கை நிறுத்தலாம், பிறகு பவரை. கிளாக் அதன் நாடித்துடிப்பு. அது நின்றால் புதுப் படம் வராது, திரையில் பழைய படமே நிற்கும். ஒருவர் பிடித்திருக்கும்போது அதை நிறுத்தவே கூடாது.

கேமராவைக் கணினியில் இணைத்து நிரலைத் திறந்தாள். கணக்கு ஒன்று. கையை ஆட்டினாள், திரையில் கை ஆடியது. காபி போட்டுக் குடித்துவிட்டு வந்து மறுபடி ஆட்டினாள்.

திரையில் கை இல்லை. வெறும் மேசைதான்.

மின்துடிப்பைக் கோடாக வரைந்து காட்டும் அலைகாட்டியின் முனையைக் கிளாக் கம்பியில் வைத்தாள். நேர்கோடு... துடிப்பே இல்லை. கணக்கு மட்டும் ஒன்று. வில்யோ கேமராவை அணைக்கவில்லை. திரையில் நின்றுபோன பழைய சாலையை நம்பி வண்டியைப் பின்னால் எடுத்திருக்கிறான், பாவம்.

"மூடு அதை." வாசலில் ரவுனோ.

"உனக்குத் தெரியுமா?"

"பேட்டரி தீருதுன்னு ஒரே புகார், ஹில்க்கா. அசைவு இல்லேன்னா கிளாக்கை நிறுத்துற மாதிரி பண்ணேன். திரும்ப எழுப்புறதை... விட்டுட்டேன்."

"எப்போ தெரியும்?"

"அன்னிக்கே."

"அன்னிக்கேவா! எங்கம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு, 'உங்க பையன்தான் அணைச்சுட்டான்'னு சொன்னியே, நாக்கு கூசலையா உனக்கு? உன் தோள்ல சாஞ்சுதானேடா இத்தனை நாள் அழுதேன்!"

அவன் கணினியிடம் பாய்ந்து வந்தான். நிரலை மூடினான். பவர் கம்பியைப் பிடுங்கி எறிந்தான்.

கணக்கு ஒன்று.

இன்னொரு தடவை மூடினான். ஒன்றுதான்.

அலைகாட்டியில் அந்த நேர்கோடு துடிக்கத் தொடங்கியது... டீசல் நாற்றம், கூடவே ஏரிச் சேற்று வாடை. திரையில் மேசை இல்லை. கறுப்புத் தண்ணீர். குமிழிகள். அந்தத் தண்ணீருக்குள்ளிருந்து ஒரு சிவப்புக் கம்பளிக் கையுறை மெதுவாக வந்து கண்ணாடியில் அழுந்தியது. கட்டை விரல் கோணலாகப் பின்னிய கையுறை. ஹில்க்கா பின்னிக் கொடுத்தது.

ரவுனோ ஓடினான். கார்க் கதவு அறையும் சத்தம். என்ஜின். அப்புறம் எதுவும் இல்லை.

காலையில் டயர் தடம் சாலையை விட்டு இறங்கி நேராக ஏரிக்குப் போயிருந்தது. ஓட்டை விழுந்த பனிக்கட்டி. காரைத் தூக்கினார்கள். ஆள் கிடைக்கவில்லை.

ஹில்க்கா அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டாள். ரவுனோவுக்காக அழவில்லை. எப்படி அழுவாள்?

அந்தக் கேமராவை அவள் தூக்கிப் போடவில்லை. போன வாரம் யோர்மா போயிருந்தபோது, நிரலைத் திறக்காமல், பவர் கம்பியும் கொடுக்காமலேயே கணினியில் இணைத்துக் காட்டினாளாம்.

கணக்கு இப்போது இரண்டு.