இருபதாம் நாள் பூஜ்யம்

நான் எப்போதும் கறுப்பு மையில்தான் எழுதுவேன். நீல மை நகல் எடுத்தால் வெளுத்துப்போகிறது. பிறகு படிப்பவர்கள் ஊகிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். விசாரணைக் குழுவில் நீங்கள் மூன்று பேர் என்று கேள்விப்பட்டேன், ஆகவே மூன்று பிரதிகள் இணைத்திருக்கிறேன். உங்கள் எழுத்தர் அனுப்பிய கேள்வித்தாளில் என் பெயரைப் பிழையாக எழுதியிருக்கிறார். என் பெயர் ருதைனா. தாளிலேயே திருத்திவிட்டேன்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். வரிசையாகச் சொல்லும்போது யாரும் கோபப்பட வேண்டியிருக்காது.

ஜோர்டானின் இந்த இர்பித் நகரத்தில் ஆட்டிசக் குழந்தைகளுக்குப் பயிற்சி தருகிறோம் என்று பலகை மாட்டியவர்கள் அப்போது பத்துப் பதினைந்து பேராவது இருந்தார்கள். ஒருத்தி தையல்காரி. ஒருவன் உடற்பயிற்சிக் கூடம் நடத்தி நொடித்துப் போனவன். என் வீட்டுக்குப் பின் தெருவில் கவ்லா என்றொருத்தி இருந்தாள். வாசல் அறையில் பிள்ளைகளை உட்காரவைத்துப் பருப்பு பொறுக்கவும் மாவு பிசையவும் சொல்லிக்கொடுப்பாள். படிப்பு பத்தாம் வகுப்பு. அவள் மகன் ஸுஹைபுக்கும் ஆட்டிசம். இருபது வயதில் ரொட்டிக் கடையில் தட்டு அடுக்குகிறான். அதுதான் அவளுடைய தகுதிச் சான்றிதழ். தாய்மார்கள் அவளை ‘உம்மு ஸுஹைப்’, ஸுஹைபின் அம்மா, என்று வாய் நிறைய அழைத்துக்கொண்டு போவார்கள். என்னை யாரும் அப்படி அழைத்ததில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

அவளைப் பற்றி அதிகாரிகளுக்கு ஆறு கடிதங்கள் எழுதினேன். ஆறாவது கடிதத்துக்குப் பிறகு ஆள் வந்து அந்த அறைக்கு முத்திரை வைத்தார்கள். சட்டப்படி அது சரி. உங்களுக்கே தெரியும்.

அவளிடம் இரண்டு வருடம் போய்க்கொண்டிருந்த பையன்தான் முஹன்னத். ஆறரை வயது, பேச்சு கிடையாது. அவன் அம்மா தஹானி அடுத்த வாரமே என்னிடம் வந்தாள். புருஷன் எல்லைக்கு லாரி ஓட்டுபவன், மாதத்தில் நான்கு நாள்தான் வீட்டில் இருப்பான். இந்த முறை சான்றிதழ் உள்ள ஆளிடம்தான் விடுவேன் என்று அவளுக்கு ஒரு பிடிவாதம். சுவரில் நான் மாட்டியிருந்த பயிற்சிச் சான்றுகளையெல்லாம் படம் எடுத்தாள், அவற்றின் முத்திரையை விரலால் தடவிப் பார்த்தாள். என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் படிக்கவில்லை.

“எனக்கு மாப்பிள்ளை பாத்தப்பகூட எங்க வீட்ல இவ்வளவு விசாரிக்கல மிஸ்,” என்றாள்.

எனக்கு எழுத்துத் தேர்வு முடிந்துவிட்டது, முழுச் சான்றிதழுக்கு ஒரே ஒரு குழந்தையின் கோப்புதான் பாக்கி என்று சொன்னேன். இருபது வேலை நாள், இடைவெளி இல்லாமல். பொய் சொல்லவில்லை.

“அப்ப என் புள்ளைதான் உங்களுக்குப் பட்டம் வாங்கித் தரப்போறான்னு சொல்லுங்க,” என்று சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. அது உண்மைதானே.

சொல்லாமல் விட்டது ஒன்றுதான். என் தேர்வு முடிவு அந்த மாதக் கடைசியோடு காலாவதி ஆகிறது. கோப்பு போகாவிட்டால் மறுபடி முதலிலிருந்து. ஏழு வருடம் மற்றவர்களுக்கு உதவியாளாக இருந்து, மற்றவர்களின் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்து நான் அந்த இடத்துக்கு வந்திருந்தேன்.

பையன் இடது கையால் இடது காதை அடித்துக்கொள்வான். “முன்னாடியெல்லாம் இப்படிச் செய்ய மாட்டான். மழை ஆரம்பிச்சதுலேர்ந்துதான்,” என்றாள் தஹானி. எழுதிக்கொண்டேன். தாய்மார்கள் சொல்வதையெல்லாம் நான் எழுதிக்கொள்வேன். எழுதினால் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

கோப்பின் முதல் பக்கத்தில் ஒரு கேள்வி இருக்கிறது: இந்த நடத்தைக்கு உடல்நலக் காரணம் ஏதும் இல்லை என்று மருத்துவர் பார்த்து உறுதி செய்தாரா? அதற்குப் பக்கத்தில் ஒரு கட்டம். பையன் அறைக்குள் வருவதற்கு முந்தைய நாளே அதில் ‘ஆம்’ என்று குறியிட்டுவிட்டேன். காலிக் கட்டத்தோடு ஒரு பக்கம் இருப்பது எனக்குப் பிடிக்காது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அதற்குப் பாதி மதிப்பெண் குறைப்பார்கள்.

என் முறை எளியது. அதற்குப் பாராமுகம் என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். கவனம் கிடைக்கிறது என்பதற்காக ஒரு குழந்தை தன்னை அடித்துக்கொண்டால், கவனத்தை நிறுத்த வேண்டும். பார்க்கக் கூடாது, பேசக் கூடாது, தொடக் கூடாது. தலைக்கு மட்டும் மெத்தைத் துணி வைத்த பட்டை கட்டினேன். கட்டைவிரலால் அழுத்தினால் எண் ஒன்று ஏறும் கருவி ஒன்று என் கையில் இருக்கும். ஒவ்வொரு அடிக்கும் ஓர் அழுத்தல், அவ்வளவுதான். மாலையில் அந்த எண்ணை ஒரு புள்ளியாக வைத்து, முந்தைய புள்ளியோடு கோட்டால் இணைப்பேன்.

முதல் ஐந்து நாள் சும்மா எண்ணினேன். நாற்பதை ஒட்டி இருந்தது. ஆறாம் நாள் முறையைத் தொடங்கினேன். எட்டாம் நாள் அறுபத்துமூன்று. ஒன்பதாம் நாள் தொண்ணூற்றேழு.

கவ்லா மாதிரி ஆட்கள் இந்த இடத்தில் பயந்து பிள்ளையைத் தூக்கிவிடுவார்கள். படித்தவர்களுக்குத் தெரியும், கவனம் நின்ற புதிதில் நடத்தை ஏறித்தான் பிறகு இறங்கும். பாடப்புத்தகத்தில் படமே இருக்கிறது. என் கோடும் அந்தப் படமும் ஒன்றாக இருந்தன. அன்றைக்கு எனக்கு நல்ல பசி. வீட்டுக்குப் போகிற வழியில் குனாஃபா இனிப்பு வாங்கி நின்றபடியே சாப்பிட்டேன்.

அன்று தஹானி வாசலில் அழுதுகொண்டு நின்றாள். “ராத்திரியெல்லாம் தூங்கல மிஸ். ஒருதடவை காது டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடறேனே. ஒரு நாள்தான்.”

“அவன் அடிச்சுக்கிறப்பெல்லாம் நீங்க தூக்கிட்டு ஓடினா அவன் என்ன கத்துப்பான்? அடிச்சா அம்மா ஓடுவா, இதைத்தான் கத்துப்பான். ஒன்பது நாள் உழைப்பு. நீங்களே கெடுக்கணுமா உம்மு முஹன்னத்?”

“காய்ச்சல் இருக்கற மாதிரி இருக்கு.”

“அழுதா உடம்பு சுடும். சான்றிதழ் இருக்கற ஆளுதான் வேணும்னு கேட்டுத்தானே வந்தீங்க?”

கூட்டிப் போகாதே என்று நான் தடுக்கவில்லை என்பதைக் கவனிக்கவும். அவளாகத்தான் போகவில்லை. அவளுக்கு என்னைவிட என் சுவர்மேல் நம்பிக்கை அதிகம்.

பதினோராம் நாள் கவ்லா வந்தாள். கையில் ஸஅதர் மூலிகைப் பொடி தடவிய ரொட்டி, சுடச்சுடக் காகிதத்தில் சுற்றியது. தஹானி அவளிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். நான் வாசற்படியில் நின்று வழியை அடைத்துக்கொண்டேன்.

“பயப்படாத, உன் வேலைக்குப் போட்டியா வரல,” என்றாள். “எனக்கு முத்திரை வெச்சது நீதான்னு தெரியும். அது கெடக்கட்டும். இந்தப் புள்ள ரெண்டு வருஷம் என்கிட்ட இருந்தான். கோவம் வந்தா கடிப்பான், அடிக்க மாட்டான். ஒரு பக்கமாவே அடிக்கிறான்னா அந்தப் பக்கம் வலிக்குது. காதுடீ அது.”

“இதை எங்க படிச்சீங்க?”

“படிக்கல. என் மவனுக்குப் பல்லு வலிச்சப்ப பாத்தேன்.”

“உங்க பருப்பு வைத்தியத்தை உங்க வீட்டோட வெச்சுக்கங்க.”

“என் வீட்லதான் நீ முத்திரை வெச்சுட்டியே,” என்றாள். ரொட்டியை என் கையில் திணித்தாள். “அந்தக் கோட்டையே பாத்துட்டு இருக்காத. புள்ளையைப் பாரு.”

ரொட்டியை நான் சாப்பிடவில்லை. காவலாளியிடம் கொடுத்தேன். நன்றாக இருந்தது என்றான்.

வியாழன் தோறும் என் மேற்பார்வையாளர் டாக்டர் பிஷாரா அம்மானிலிருந்து திரையில் வருவார். தேநீர் குடித்துக்கொண்டே என் கோட்டைப் பார்ப்பார். கீழே ஒரு குழந்தை இருக்கிறது என்பது அவருக்கு எப்போதாவது நினைவுக்கு வரும். அந்த வாரம் வந்தது. “டாக்டர் சீட்டு இருக்கில்ல?” என்றார். “கோப்புல இருக்கு சார்,” என்றேன். “ரொம்ப அழகான கோடு,” என்றார். அவரும் காலிக் கட்டம் பிடிக்காத வகைதான்.

பன்னிரண்டாம் நாள் ஐம்பது. பதின்மூன்றாம் நாள் முப்பத்தொன்று. முறை வேலை செய்தது.

அந்தப் பதின்மூன்றாம் நாளைப் பற்றி உங்கள் கேள்வித்தாள் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். நானே சொல்லிவிடுகிறேன், கோப்பு முழுமையாக இருக்கட்டும். அன்று அவன் தலைப்பட்டையைக் கழற்றியபோது இடது பக்கத் துணி நனைந்திருந்தது. மஞ்சள், கொஞ்சம் ரத்தம், கெட்ட வாடை. அது என்ன என்று எனக்குத் தெரியும். நான் முட்டாள் இல்லை. துணியைக் குளிர்ந்த நீரில் அலசி, சோப்புப் போட்டு, எண்ணெய் அடுப்புக்கு மேலே காயவைத்தேன். அவன் காதைப் பஞ்சால் துடைத்துவிட்டேன். அம்மா வருவதற்குள் இரண்டும் முடிந்தன. மருந்து ஆரம்பித்தால் எண் குறைவது மருந்தாலா என் முறையாலா என்று சான்றிதழ் தரும் வாரியம் கேட்கும், கோப்பு செல்லாது. இன்னும் ஏழு நாள்தான். ஏழு நாள் கழித்து நானே கூட்டிப்போவதாக இருந்தேன். நல்ல டாக்டர் ஒருவரின் பெயரைக்கூடக் குறித்து வைத்திருந்தேன்.

பதினாறாம் நாள் பன்னிரண்டு. பதினெட்டாம் நாள் நான்கு. தஹானிகூட, “சாந்தமா ஆயிட்டான் மிஸ், எந்நேரமும் தூங்கறான்,” என்றாள். கொஞ்சம் சந்தேகம், கொஞ்சம் சந்தோஷம். இரண்டையும் ஒரே முகத்தில் வைத்துக்கொள்ள இந்தத் தாய்மார்களால் மட்டும்தான் முடியும்.

இருபதாம் நாள் மழை. அவனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். நாற்காலியில் உட்காரவைத்தேன். கழுத்தை வளைக்கச் சிரமப்பட்டான். விளக்கு வெளிச்சம் பிடிக்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டான். நான் கருவியைக் கையில் எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். நாற்பது நிமிடம் கழித்து அவன் மெல்லச் சாய்ந்து நெற்றியை என் புறங்கையில் வைத்தான். இருபது நாளில் அவனாக என்னைத் தொட்டது அது ஒரு தடவைதான். நெற்றி கொதித்தது. அமர்வு முடியப் பத்து நிமிடம் இருந்தது. தொடுவதும் கவனத்தில் சேரும் என்பது விதி. கையை விலக்கிக்கொண்டேன். குறிப்பில் அப்படியே எழுதியிருக்கிறேன்: ‘3.42, குழந்தை சாய்ந்தது, கை விலக்கப்பட்டது.’

அன்று ஓர் அடிகூட இல்லை. கோட்டைக் கீழே வரை இழுத்தேன். மாலை ஐந்து மணிக்குக் கோப்பை அனுப்பினேன்.

அன்றிரவு வலிப்பு வந்தது. காதிலிருந்து மூளைக்குப் பரவியிருந்தது என்றார்கள். மூன்று நாள் மருத்துவமனையில் இருந்தான். அடக்கத்துக்கு நான் போகவில்லை. கவ்லா போயிருக்கிறாள், அவளுடைய ஸுஹைபும் போயிருக்கிறான். பதினோரு நாள் கழித்து என் சான்றிதழ் வந்தது. தடித்த காகிதம், உயர்த்தி அச்சிட்ட முத்திரை.

தஹானி ஒருமுறை வந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன், கத்தவில்லை. சுவரிலிருந்த புதுச் சட்டத்தை வெகுநேரம் பார்த்தாள். இந்த முறை எழுத்துக் கூட்டிப் படித்தாள். பிறகு, “கடைசி நாள் ஏன் மிஸ் அவன் அடிச்சுக்கவே இல்ல?” என்று கேட்டாள்.

“கத்துக்கிட்டான்,” என்றேன்.

ஆக, உங்கள் கேள்விகளுக்கு என் பதில்: கட்டத்தில் பொய்க் குறி இட்டது நான். சீட்டு இருக்கிறது என்று பொய் சொன்னது நான். சீழைத் துடைத்தது நான். வலி என்று தெரிந்தே ஏழு நாள் எண்ணிக்கொண்டிருந்தது நான். நான்கையும் ஒப்புக்கொள்கிறேன், கீழே கையெழுத்திட்டிருக்கிறேன். தண்டனை எதுவானாலும் மேல்முறையீடு செய்ய மாட்டேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். சான்றிதழை ரத்து செய்ய வேண்டாம். அது முதல் பக்கத்துக் கட்டத்துக்காகக் கொடுக்கப்பட்டதல்ல, எண்களுக்காகக் கொடுக்கப்பட்டது. எண்கள் ஒவ்வொன்றையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள், ஒன்றில்கூடக் கலப்படம் இல்லை. இருபதாம் நாள் பூஜ்யத்தை நான் இட்டுக்கட்டவில்லை. அதை அவனே எனக்குக் கொடுத்தான்.