கையெழுத்து வாங்காத தாள்

– ரத்தம் குடுக்கணும்னா சட்டைக் கையை மேல ஏத்துங்க. இல்லன்னா எந்திரிங்க. பின்னாடி ஏழு பேர் நிக்கிறாங்க.

– ரத்தம் குடுக்க வரல சிஸ்டர். என்னைத் தெரியலையா?

– தெரியுது. நீங்க கதவைத் தள்ளும்போதே தெரிஞ்சுது. அதனாலதான் தெரியாத மாதிரி பேசுறேன்.

– அம்மா, மூக்குல ஏதோ குத்துது.

– அது ஸ்பிரிட் வாசனைடா பட்டு. ஊசி போடுற எடத்துல அப்படித்தான் வரும். அம்மா முந்தானையைப் பிடிச்சுட்டு நில்லு.

– இது... அந்தக் குழந்தையா?

– அதேதான் சிஸ்டர். இருபத்தேழாவது வாரத்துல பொறந்துச்சே. உங்க வார்டுல மூணாம் நம்பர் கண்ணாடிப் பெட்டி.

– தொள்ளாயிரத்து நாப்பது கிராம்.

– இன்னுமா ஞாபகம் வெச்சிருக்கீங்க?

– அம்பத்தாறு நாள் மூக்குல குழாய் வெச்சு, ரெண்டு மில்லி ரெண்டு மில்லியா பால் விட்டவளுக்கு மறக்குமா? பாருங்க, அந்தப் பெஞ்சுல போய் உக்காருங்க. இந்த ஏழு பேரை அனுப்பிட்டு வர்றேன். போகச் சொன்னா நீங்க போகப் போறதில்ல.

– எவ்வளவு நேரம் ஆனாலும் இருக்கோம்.

– பாப்பா, கையை எடு. முஷ்டியை வெச்சுக் கண்ணை அமுக்கக் கூடாது.

– நாள் பூரா அப்படித்தான் அமுக்குவா சிஸ்டர். பார்வை இல்லாத பிள்ளைங்க அப்படித்தான் செய்யுமாம். அமுக்கினா உள்ள ஏதோ மின்னுற மாதிரி இருக்குமாம். அது ஒண்ணுதான் அவ பார்க்குற வெளிச்சம்னு டாக்டர் சொன்னாரு. அதுக்கப்புறம் அவ கையைத் தட்டிவிட எனக்கு மனசு வரல.

– தட்டிவிட வேணாம். கையில ஏதாவது குடுத்துடணும். இந்தா பாப்பா, இந்த டப்பாவுல மூடி நிறைய இருக்கு. பெருசு ஒரு பக்கம், சின்னது ஒரு பக்கம் பிரிச்சு வை பாப்போம். அடுத்தது யாருங்க? வெறும் வயித்தோட வந்திருக்கீங்கல்ல?

– சிஸ்டர், எல்லாரும் போயாச்சு.

– தெரியுது. சாம்பிள் எடுத்துட்டுப் போற வண்டி வர இன்னும் கால் மணி நேரம் இருக்கு. அதுக்குள்ள சொல்ல வந்ததைச் சொல்லுங்க. நான் லேபிள் ஒட்டிக்கிட்டே கேக்குறேன்.

– மன்னிப்புக் கேக்க வந்தேன்.

– மன்னிப்பா? அதை வாங்கி நான் எங்க வெக்க? இங்க சாம்பிள் வெக்கவே ஃப்ரிட்ஜுல எடம் இல்ல.

– திட்டுங்க. வாங்கிக்கிறேன்.

– திட்டுற வயசெல்லாம் தாண்டிடுச்சு. ஆஸ்பத்திரி விசாரணை ரூமுல மூணு பேர் உக்காந்திருந்தாங்க. நீங்க என் மூஞ்சிக்கு நேரா விரலை நீட்டி, 'இந்தப் பொம்பளை எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லல'ன்னீங்க. பதினெட்டு வருஷ சர்வீஸு. அரை மணி நேரத்துல முடிச்சு அனுப்பிட்டாங்க. இப்ப இந்த லேப்ல வர்றவன் போறவனுக்கெல்லாம் சுகர் பார்த்துட்டு உக்காந்திருக்கேன்.

– எனக்குத் தெரியாது சிஸ்டர், சத்தியமா தெரியாது. நீங்க சொல்லலன்னுதான் நான் நெனச்சேன். ஆறாவது மாசம் கிலுகிலுப்பையை ஆட்டினா இவ திரும்புவா. ஆட்டாம முகத்துக்கு நேரா நீட்டினா திரும்ப மாட்டா. தூக்கிட்டுக் கண் டாக்டர்கிட்ட ஓடினேன். அவரு லைட்டை அடிச்சுப் பார்த்துட்டு, ஏன் இவ்வளவு லேட்டா வந்தீங்கன்னு கேட்டாரு. குறைமாசப் பிள்ளைக்குக் கண்ணுக்குள்ள ரத்தக்குழாய் தாறுமாறா வளருமாம், டிஸ்சார்ஜ் ஆன வாரமே லேசர் வெச்சா நின்னுடுமாம். ஒரு வாரம் சிஸ்டர்! ஒரே ஒரு வாரம். யாருமே சொல்லலையேன்னு எனக்கு வெறி பிடிச்சிருச்சு.

– அம்மா, சின்ன மூடி பதினொண்ணு.

– சமத்து. எண்ணிக்கிட்டே இரு. இப்ப மட்டும் என் மேல எப்படித் திடீர்னு இரக்கம் வந்துச்சு?

– தாள் கெடச்சுது.

– எந்தத் தாள்?

– நீங்க எழுதினதுதான். போன மாசம் கதவுல கீல் ஆடுச்சு. ஸ்க்ரூ டிரைவர் எடுக்கலாம்னு அவரோட டூல்ஸ் பெட்டியைத் திறந்தேன். எங்க வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக்குல்ல, அந்தப் பெட்டியை யாரையும் தொடவிட மாட்டாரு. ஸ்பேனருக்கெல்லாம் அடியில பிளாஸ்டிக் கவர் போட்டு மடிச்சு வெச்சிருந்தாரு. 'வியாழன் காலை ஒன்பது மணி, கண் வார்டு, கட்டாயம்.' உங்க கையெழுத்துதான். கட்டாயத்துக்குக் கீழ ரெண்டு கோடு.

– மூணு கோடு.

– மடிப்புல ஒண்ணு அழிஞ்சிருக்கும்.

– அந்தத் தாளை இன்னுமா வெச்சிருக்காரு...

– என்ன சொன்னீங்க?

– ஒண்ணுமில்ல. சொல்லுங்க.

– தாளை மூஞ்சிக்கு நேரா காட்டி, இது என்னன்னு கேட்டேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. 'ஆமா, நான்தான் மறந்துட்டேன்'னாரு. அவ்வளவுதான் சிஸ்டர்! பக்கத்துல படுத்துக்கிட்டு, நான் அழும்போதெல்லாம் முதுகைத் தடவிவிட்டு, ஆஸ்பத்திரிக்காரங்களை நான் மண்ணை வாரித் தூத்தும்போது பேசாம கேட்டுட்டு இருந்த மனுஷன். அன்னிக்கே பையைத் தூக்கி வெளிய வெச்சேன். ஒர்க்ஷாப்ல படுத்துக்கிறாராம்.

– பாப்பா எப்படி இருக்கா, அவரு இல்லாம?

– ஏன் அதைக் கேக்குறீங்க?

– கேக்குறேன், அவ்வளவுதான்.

– எங்க அப்பா படியில கயிறு கட்டினாரு.

– என்ன கயிறு பாப்பா?

– கம்பியில. முதல் மாடிக்கு ஒரு சுத்து. அடுத்ததுக்கு ரெண்டு சுத்து. எங்க வீடு மூணு சுத்து. நான் தொட்டுப் பார்த்து நானே வந்துடுவேன்.

– நல்ல யோசனைதான்.

– நல்ல யோசனையா? குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் சிஸ்டர். அதுக்குத்தான் அந்தக் கயிறு, அதுக்குத்தான் ராத்திரி பகல் தூக்கிச் சுமந்ததெல்லாம். வேலைக்குப் போறதுக்கு முன்னாடி அவளுக்கு சாக்ஸ் போட்டு விடுவாரு, தரை சில்லுனு பட்டா அவளுக்கு நடுங்கும்னு. நான்கூட பெருமையா பேசியிருக்கேன், நான் வேலை பார்க்குற டிக்கெட் கவுண்டர்ல உக்காந்து. எங்க வீட்டுக்காரர் மாதிரி வருமான்னு. வெக்கமா இருக்கு.

– அப்பா எப்பம்மா வருவாரு?

– மூடியை எண்ணுடி.

– பாப்பாவை அதட்டாதீங்க.

– நாள் பூரா இதே கேள்வி சிஸ்டர். யாராவது படியேறினா காதைக் கதவுல வெச்சுக்குவா. செருப்புச் சத்தத்தை வெச்சே இது அப்பா இல்லன்னு சொல்லிட்டு வந்து படுத்துக்குவா. எனக்கு மட்டும் வலிக்காதா?

– வலிக்குது இல்ல? அப்புறம் என்ன? கூப்பிட்டுக்க வேண்டியதுதானே?

– செத்தாலும் மாட்டேன். கேஸ் போட்டாச்சு. ஞாயித்துக்கிழமை மட்டுமாவது பிள்ளையைப் பார்க்க விடுங்கன்னு அவர் கேட்டிருக்காரு. அதுவும் கூடாதுன்னு நான் எழுதிக் குடுத்திருக்கேன். அடுத்த வாரம் ஜட்ஜு முன்னாடி வருது. அதுக்குத்தான்... மன்னிப்புக் கேக்கவும்தான் வந்தேன், இதுக்கும்தான் வந்தேன்.

– அதானே பார்த்தேன். சும்மா ஆடுமா குடுமி? என்ன வேணும்?

– ஒரே ஒரு வரி. 'தாளைக் குழந்தையின் அப்பாவிடம் கொடுத்தேன், வாயாலும் சொன்னேன்.' கீழ உங்க கையெழுத்து. உங்க பேர்ல இருக்குற கறையும் போகும்ல. நானே ஆஸ்பத்திரிக்கு வந்து, பழி உங்க மேல இல்லன்னு சொல்றேன்.

– வேணாம்.

– ஏன்?

– என் கறை என்கூடவே இருக்கட்டும். தாளைக் குடுத்ததுக்கு ரெஜிஸ்டர்ல கையெழுத்து வாங்கணுங்கிறது ரூல். நான் வாங்கல. அது என் தப்புதான். நீங்க டிஸ்சார்ஜ் ஆன அன்னிக்குக் காலையில நாலாம் நம்பர் பெட்டிக் குழந்தை போயிடுச்சு, ஞாபகம் இருக்கா?

– இல்லாம? என் பிள்ளைக்குப் பக்கத்துப் பெட்டி. அந்த அம்மா தரையில உக்காந்து கத்துன கத்து இன்னும் காதுல கேக்குது. எனக்கு அந்த எடத்தை விட்டு ஓடினாப் போதும்னு இருந்துச்சு. பிள்ளையைச் சுத்தினேன், தூக்கினேன், வந்துட்டேன். வேற எதுவுமே எனக்கு ஞாபகம் இல்ல.

– எனக்கும் கை ஓடல. ஒரு பக்கம் சின்ன உடம்பைத் துணியில சுத்துறேன், ஒரு பக்கம் உங்களுக்கு டிஸ்சார்ஜ் எழுதுறேன். பேனா எங்க, ரெஜிஸ்டர் எங்கன்னு தெரியல. சரி விடுங்க. முடிஞ்சது முடிஞ்சு போச்சு. வீட்டுக்குப் போங்க.

– முடியல சிஸ்டர்! எனக்கு எதுவும் முடியல. நீங்க எழுதிக் குடுக்காம நான் போக மாட்டேன்.

– பாருங்க, நான் சொல்றதைக் கேளுங்க. ஞாயித்துக்கிழமை மட்டும் பார்க்கட்டும். அப்பன் செருப்புச் சத்தத்துக்கு ஒரு பிள்ளை காத்துக் கெடக்குறது பாவம்.

– எந்தப் பாவம்? என் பிள்ளை ஆயுசு முழுக்க இருட்டுல கெடக்குறது பாவம் இல்லையா? அவ ஸ்கூல்ல மத்த பிள்ளைங்க கலர் அடிக்கும்போது இவ பேப்பரைக் கிழிச்சு வாயில போட்டுக்குறா. உங்களுக்கு என்ன வந்துச்சு? அவருக்கு ஏன் இப்படி வக்காலத்து வாங்குறீங்க? உங்க வேலை போனதே அவராலதான்!

– சத்தம் போடாதீங்க.

– போடுவேன். தாளை ஒளிச்சு வெச்சு உங்களை நடுத்தெருவுல நிறுத்தினவரு. உங்களுக்கு சூடு சொரணை இல்லையா?

– இருக்கு. நிறையவே இருக்கு. அந்த மாசம் நீங்க மொட்டை மாடிச் சுவர் மேல ஏறி நின்னீங்கன்னு கேள்விப்பட்டதால அடக்கிக்கிட்டேன்.

– அது... அது உங்களுக்கு எப்படித் தெரியும்? எங்க அம்மாவுக்குக்கூட நான் சொல்லல.

– எப்படியோ தெரியும்.

– அவரைத் தவிர யாருக்கும் தெரியாது. அவர் உங்களைப் பார்க்க வந்தாரா?

– வண்டி வர்ற நேரம் ஆச்சு. எந்திரிங்க.

– வந்தாரா இல்லையா?

– வந்தாரு. விசாரணை முடிஞ்சு பத்தாம் நாள். என் வீட்டு வாசல்ல.

– எதுக்கு? வாயை மூடிக்கிட்டு இருங்கன்னு கெஞ்சவா?

– பிள்ளையோட பழைய பையைத் துவைக்கும்போது பக்கத்து ஜிப்புல இருந்துச்சாம், தாள். இதை ஆபீஸ்ல கொண்டு போய்க் குடுத்துடறேன் சிஸ்டர், உங்க வேலை திரும்பக் கெடைக்கும்னாரு.

– அப்புறம் ஏன் குடுக்கல? வீட்டுக்கு வந்ததும் புத்தி மாறிடுச்சா?

– நான்தான் வேணாம்னேன். கிழிச்சுப் போடுங்கன்னு சொன்னேன். கிறுக்கு மனுஷன், என் வேலைக்கு எப்பவாவது உதவும்னு நெனச்சு எடுத்து வெச்சிருக்காரு போல.

– நீங்க சொன்னீங்களா? உங்க வேலை போனாப் போகட்டும்னா? எந்த ஊர்ல நடக்கும் இது? பொய். ரெண்டு பேரும் சேர்ந்து என்னை முட்டாளாக்குறீங்க. மறந்தது அவரு, மறைச்சது அவரு. அவரே ஒத்துக்கிட்டாரு!

– ஒத்துக்கிட்டாரும்மா. அதுக்கு மேல அவரால என்ன செய்ய முடியும்?

– அப்ப எழுதுங்க! உண்மையை எழுதுறதுக்கு என்ன?

– அம்மா, கத்தாதம்மா. நான் எல்லா மூடியும் எண்ணிட்டேன்.

– சிஸ்டர், உங்க கால்ல விழுறேன். 'அப்பாவிடம் கொடுத்தேன்'. ரெண்டே வார்த்தை.

– அவரு அன்னிக்கு வார்டுக்கே வரலம்மா, கீழ ஆட்டோவைப் பிடிச்சு வெச்சுட்டு நின்னாரு. தாளை நான் உன் கையிலதான் குடுத்தேன், நீதான் 'சரி சிஸ்டர், சரி சிஸ்டர்'னு ரெண்டு தடவை தலையாட்டினே.